விதிநூலும் நடுவரும்: ஓர் ஆட்டத்தின் பதிப்புகளை ஒப்புநோக்கல்

முன்னுரை

தமிழ் கற்பார்க்குப் பதிப்பு என்னும் சொல் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது ஏடுகளை ஒப்புநோக்கி, சிதைந்து கிடந்த மூலத்தை மீட்டுத் தந்தார்கள். அத்தகைய பதிப்பின் நோக்கம் பழையதைப் பேணுதல். ஆயின், பதிப்பு என்னும் அதே பெயரால் வழங்கும் வேறொரு வகையும் உண்டு. சட்டநூல், பாடத்திட்டம், விளையாட்டு விதிநூல் என்பன புதிய பதிப்பாக வெளிவரும்போது பழையதை மீட்பதற்கு வருவதில்லை. பழையதை அகற்றி அவ்விடத்தில் தாம் அமர்வதற்கே வருகின்றன. முன்னையதிற் பிழை திருத்தப்படும்; பின்னையதில் விதியே மாற்றப்படும்.

இப்பின்னைய வகைப் பதிப்புகளை எவ்வாறு ஒப்புநோக்குதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக, அமெரிக்காவிலே தோன்றி இன்று பல நாடுகளிலும் ஆடப்படும் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை ஆட்டத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். மேல்வகுப்பு மாணாக்கர் சிலர் இவ்வாட்டத்தைப் பற்றி நம்மிடம் உரையாடுவதுண்டு. “எந்தப் பதிப்புச் சிறந்தது?” என்பதே அவர்கள் வினா. அவ்வினாவை விடுத்து அதனினும் பயனுள்ள வினாக்களைக் கேட்கப் பழகுதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

இவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டு அதன் இயல்பை முதலிற் கூறுவோம். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். அவரை ‘டஞ்சன் மாஸ்டர்’ என அழைப்பர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரைத் தமக்கெனக் கொள்வர். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் குருவானவர். நடுவர், “பாழடைந்த கோட்டையின் கீழே ஒரு படிக்கட்டு இறங்குகின்றது, அடியில் நீரொலி கேட்கின்றது, என் செய்வீர்?” என்று சூழலை வாயாற் கூறுவார். ஆடுவோர் தத்தம் மாந்தர் செய்வதைச் சொல்வர். செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டப்படும். இவ்வாட்டத்திற் சிறப்பாக வழங்குவது இருபது முகங்களையுடைய பகடையாகும்.

ஒவ்வொரு மாந்தருக்கும் வலிமை, நுண்ணறிவு, விவேகம், உடலுரம், லாவகம், ஈர்ப்பு என ஆறு இயல்புகள் உண்டு. ஒவ்வோர் இயல்பும் ஓர் எண்ணால் அளக்கப்படும். மாந்தர் அனுபவப் புள்ளிகளை ஈட்டிப் படிப்படியாக உயர்வர். வென்றவர், தோற்றவர் என்னும் பிரிவு இவ்வாட்டத்தில் இல்லை. நாடகத்தைப் போன்றதாயினும் எழுதி வைத்த உரையாடல் இதற்கில்லை. எழுதி வைத்திருப்பது விதிநூல் ஒன்றே. ஆதலினாலேயே விதிநூலின் பதிப்பு மாறும்போது ஆடுவோரிடையே பெருவிவாதம் எழுகின்றது.

பதிப்புகளின் வரலாறு

1971இல் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்னும் இருவர் இயற்றிய ‘செயின்மெயில்’ என்னும் நூல் வெளிவந்தது. அது சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு இடைக்காலப் போர்களை ஆடுவதற்குரிய விதிநூல். அதன் ஈற்றில் மந்திரவாதிகளும் பூதங்களும் இடம்பெறும் கற்பனைப் பகுதியொன்று சேர்க்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் மினசோற்றா மாநிலத்தில் வாழ்ந்த டேவ் ஆர்னிசன் என்பார், ஒருவர் ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரே மாந்தரை மேற்கொண்டு, நாள்தோறும் தொடரும் கதையாக ஆடும் முறையைத் தம் நண்பரிடையே வளர்த்து வந்தார். இவ்விருவர் முயற்சியும் இணைந்தே புதிய ஆட்டம் பிறந்தது. விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் 1973இல் நிறுவப்பட்ட ரி.எஸ்.ஆர். நிறுவனம் 1974இல் அதனை வெளியிட்டது. ஒரு பெட்டி, அதனுள் மூன்று சிறு நூல்கள், முதல் அச்சில் 1,000 படிகள்: இவ்வளவே தொடக்கம்.

அதன்பின் ஆட்டம் இரு கிளையாகப் பிரிந்தது. புதிதாகக் கற்போருக்கென 1977இல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த அடிப்படை நூல் வெளிவந்தது. அக்கிளையை 1981இல் ரொம் மோல்ட்வேயும் 1983இல் பிராங் மென்சரும் திருத்தி அமைத்தனர். மற்றைக் கிளை ‘அட்வான்ஸ்ட்’, அதாவது மேனிலை, என்னும் அடைமொழி பெற்றது. அதன் மூன்று பெருநூல்களும் 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கு ஒன்றாகக் கைகாக்ஸினால் எழுதி வெளியிடப்பட்டன. மேனிலைக் கிளையின் இரண்டாம் பதிப்பு 1989இல் டேவிட் குக் தலைமையில் வந்தது. 1997இல் ‘விசர்ட்ஸ் ஒவ் த கோஸ்ற்’ நிறுவனம் ரி.எஸ்.ஆரை விலைக்கு வாங்கியது. 1999இல் அந்நிறுவனத்தை ஹாஸ்புரோ வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பும், 2003இல் அதன் திருத்தமும், 2008இல் நான்காம் பதிப்பும், 2014இல் ஐந்தாம் பதிப்பும் வெளிவந்தன. ஐந்தாம் பதிப்பின் திருத்திய நூல்கள் 2024இலும் 2025இன் தொடக்கத்திலும் வந்தன.

இங்கு மாணாக்கர் கருதற்பாலது ஒன்றுண்டு. ‘ஐந்தாம் பதிப்பு’ என்பதைக் கேட்டு, முன்னர் நான்கு பதிப்புகளே இருந்தன என எண்ணுதல் தவறு. மூன்றாவது முதலிய எண்கள் மேனிலைக் கிளையை மட்டும் எண்ணி இட்டவை. 1974ஆம் ஆண்டு நூலும் அடிப்படைக் கிளையின் மூன்று வடிவங்களும் அவ்வெண்ணிக்கையில் அடங்கா. நூலின் அட்டையிலுள்ள எண்ணை நம்பி வரலாற்றை எழுதலாகாது என்பது ஒப்பியலின் முதற்பாடம்.

முதலாம் ஒப்பீடு: வாளும் கவசமும்

இனி, ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்து எல்லாப் பதிப்புகளிலும் அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதற்படியில் நிற்கும் ஒரு வாள்வீரர், சங்கிலிக் கவசம் அணிந்து கேடயமின்றி நிற்கும் பகைவரை வெட்டுகின்றார். இருபது முகப் பகடையில் எவ்வெண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் வெட்டுப்படும்? வலிமையாலும் தனித்திறனாலும் வரும் மிகையெண்களை இப்போதைக்கு ஒதுக்குவோம்.

1974ஆம் ஆண்டு நூலின் அட்டவணைப்படி 14 வேண்டும். 1979ஆம் ஆண்டு மேனிலை நூலின் அட்டவணைப்படி 15. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அட்டவணைக்குப் பதிலாகக் கழித்தற் கணக்கு வந்தது. அக்காலத்தில் கவசம் வலிதாக அதன் எண் குறையும். வீரருக்குரிய எண் 20. சங்கிலிக் கவசத்தின் எண் 5. 20இலிருந்து 5ஐக் கழிக்க 15. மூன்றாம் பதிப்பு இம்முறையைத் தலைகீழாக்கிக் கவசம் வலிதாக எண் உயரும்படி செய்தது. கவச எண் 15; வீரரின் மிகையெண் 1; ஆகவே 14 வேண்டும். நான்காம் பதிப்பிற் கவச எண் 16, நீள்வாட் பயிற்சிக்கென 3, ஆகவே 13. ஐந்தாம் பதிப்பிற் கவச எண் 16, பயிற்சிக்கென 2, மீண்டும் 14.

நாற்பதாண்டுக் காலம் அட்டவணை கழித்தலாயிற்று; கழித்தல் கூட்டலாயிற்று. எனினும் விடை 13க்கும் 15க்கும் இடையே நின்றது. நூற்றுக்கு முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வாய்ப்பு அது. புதிய பதிப்பு அனைத்தையும் புரட்டிவிட்டது என்று புகழ்வோரும் இகழ்வோரும் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

அங்ஙனமாயின் மாறியது யாது? ஒதுக்கி வைத்த வலிமையை இப்போது சேர்ப்போம். 1974இல் மாந்தரின் இயல்புகள் ஒவ்வொன்றுக்கும் அறுமுகப் பகடை மூன்று உருட்டி, வந்த எண்ணை வந்தபடியே ஏற்றனர். 16 அல்லது அதற்கு மேற்பட்ட வலிமை கிடைத்தற்கு 216 விழுக்காட்டில் 10 மட்டுமே வாய்ப்பாகும் என்று கூறின் மயக்கம் நேரும்; 216 உருட்டல்களில் 10 என்க. அஃது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. அவ்வாறு கிடைத்த வலிமையும் வெட்டும் எண்ணை மாற்றவில்லை. 2014இலோ எவரும் 15 என்னும் எண்ணை எடுத்துத் தாம் விரும்பிய இயல்புக்கு வைக்கலாம். பிறப்பால் வரும் மிகையெண்ணுடன் அது 16 அல்லது 17 ஆகும். வலிமை 16 உடையார்க்கு வெட்டும்போது 3 கூட்டப்படும். எனவே 14 என்பது 11 ஆகின்றது. வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதாகின்றது. அரிதிற் கிடைத்த பேறு எல்லார்க்கும் உரிய தொடக்கமாயிற்று.

சாவின் விதியும் இதனையே காட்டும். 1974இன் முதற்படி வீரருக்கு ஓர் அறுமுகப் பகடையும் அதனோடு ஒன்றுமே உயிர்ப்புள்ளிகள். எவ்வாயுதமாயினும் ஒரு வெட்டு ஒன்று முதல் ஆறு வரை புள்ளிகளைப் போக்கும். புள்ளி தீர்ந்தால் சாவு. ஐந்தாம் பதிப்பின் வீரர் 10 புள்ளிகளும் உடலுரத்துக்குரிய மிகையும் பெற்றுத் தொடங்குகின்றார். புள்ளி தீர்ந்தாலும் உடனே இறப்பதில்லை. முறைதோறும் பகடை உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் மூன்றுமுறை விழுந்தால் உயிர் நிலைபெறும். அதன் முன்னர் மூன்றுமுறை தவறினாலே சாவு. முன்னைய நூலில் மாந்தர் பெயரறியாத படைவீரர். பிழைத்தால் வரலாறு பெறுவார். பின்னைய நூலில் அவர் வரலாற்றோடு பிறக்கின்றார். எண் மாறவில்லை, மாந்தரின் மதிப்பு மாறியது.

இரண்டாம் ஒப்பீடு: தீர்ப்பு யாரிடம்?

1974ஆம் ஆண்டு நூலில் இடைவெளிகள் மிகுதி. சுவரில் ஏறுதற்கு விதி இல்லை. காவலரை ஏய்த்தற்கு விதி இல்லை. இவற்றையெல்லாம் நடுவரே தம் மதியாற் தீர்க்க வேண்டும். மூன்றாம் சிறுநூலின் ஈற்றில் ஆசிரியர்கள், எஞ்சியவற்றை நீங்களே கற்பனை செய்துகொள்க என்னும் கருத்தை வெளிப்படையாகவே கூறியுள்ளனர். அந்நூல் நடுவரை நம்பிய நூல்.

ஆனால் ஊருக்கு ஒரு முறையாக ஆட்டம் திரிந்தது. ஆதலின் மேனிலை நூல்களில் கைகாக்ஸ் ஒருமைப்பாட்டை வற்புறுத்தினார். அங்கும் ஒரு நுட்பம் காண்க. வெட்டுப்படும் அட்டவணைகள் ஆடுவோர் கையிலிருந்த நூலில் இல்லை. 1979இல் வந்த நடுவர் நூலிலேயே இருந்தன. எந்த எண் வேண்டும் என்பதை நடுவர் அறிவார், ஆடுவோர் அறியார். 1989இல் அவ்விதி ஆடுவோர் நூலுக்கு வந்தது. விதி ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குச் சென்றதாகத் தோன்றினும், உண்மையில் அதிகாரமே மேசையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சென்றது.

2000இல் ஜொனதன் ருவீற், மொன்ரி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் இதனை முற்றுவித்தனர். எச்செயலாயினும் இருபது முகப் பகடையை உருட்டி, மிகையெண்ணைக் கூட்டி, குறித்த இலக்கெண்ணை எட்ட வேண்டும் என்னும் ஒரே பொதுவிதி நிறுவப்பட்டது. சுவரேறுதலுக்கும் ஏய்த்தலுக்கும் விதி நூலிலேயே தரப்பட்டது. இதனால் நடுவரின் மனப்போக்குக்கு ஆடுவோர் இரையாகாது காக்கப்பட்டனர். எந்த ஊருக்குச் சென்றாலும் விதி ஒன்றாயிற்று. ஆனால் விதிகள் பெருகின. ஒருவரை மற்றொருவர் கட்டிப் பிடிக்கும் செயலுக்குக்கூட நூலைப் புரட்டி நெடுநேரம் படிக்க நேர்ந்தது. 2008இன் நான்காம் பதிப்பு மேலும் ஒரு படி சென்று, ஒவ்வொரு மாந்தரும் செய்யத்தக்க செயல்களை எப்போதும் செய்யத்தக்கவை, ஒரு மோதலுக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கு ஒருமுறை என வகுத்து எழுதியது. தொலைவைக் கட்டங்களால் அளந்தது. அதன் போர் செம்மையானது என்பார் பலர். எழுதப்படாத செயலைச் செய்ய நினைப்பார்க்கு அந்நூல் இடுக்கமாகத் தோன்றிற்று. 2009இல் பைசோ நிறுவனம் மூன்றாம் பதிப்பின் வழியிலே ‘பாத்ஃபைண்டர்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டபோது ஆடுவோர் பலர் அதன்பால் திரும்பினர்.

ஐந்தாம் பதிப்பை ஆக்கியோர் 2012 முதல் வரைவுகளைப் பொதுமக்களுக்குக் கொடுத்து, ஆடிப் பார்க்கச் செய்து, கருத்துக் கேட்டனர். அதன் ஒரு விதியை மட்டும் இங்குக் காட்டுவோம். சாதகமான நிலையில் நிற்பவர் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுக்கலாம் என்பதே அது. மேட்டுநிலத்துக்கு 1, மறைவுக்கு 2 என்றவாறு பட்டியலிட்டுக் கூட்டும் முறை பெரிதும் நீங்கியது. 14 வேண்டியவிடத்து ஒருமுறை உருட்டினால் வாய்ப்பு நூற்றுக்கு 35; இருமுறை உருட்டினால் ஏறத்தாழ 58. ஒருவர் சாதகமான நிலையில் நிற்கின்றாரா என்பதைத் தீர்ப்பவர் பலவிடங்களில் நடுவரே. இவ்வாறு நூல் தான் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியை அவரிடம் மீட்டும் ஒப்படைத்தது.

இதனால் அறியத்தக்கது யாதெனின், விதியைக் குறைத்தல் முன்னேற்றம் என்றோ பெருக்குதல் முன்னேற்றம் என்றோ ஒருதலையாகக் கூறுதல் இயலாது. நடுவர் பழகியவராயின் சிறுநூல் போதும். நடுவர் புதியவராயின் நூல் அவருக்கு ஊன்றுகோலாகும், ஆடுவோர்க்கு அரணாகும்.

மூன்றாம் ஒப்பீடு: புள்ளி எதற்கு?

இவ்வொப்பீட்டை ஆசிரியர்களும் பெற்றோரும் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

தொடக்ககாலப் பதிப்புகளில் ஒரு பொன்காசை வெளியே கொணர்ந்தால் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். பகைவரைக் கொல்லுதற்கும் புள்ளி உண்டு. ஆயினும் அது சிறிது. 1981ஆம் ஆண்டு அடிப்படை நூலிற் போர்வீரர் இரண்டாம் படிக்கு உயர 2,000 புள்ளிகள் வேண்டும். ‘ஓர்க்’ எனப்படும் அரக்கர் ஒருவரை வென்றால் 10 புள்ளிகளே. அதாவது 200 அரக்கரை வெல்லுதலும் 2,000 பொன்காசு கொண்ட ஒரு பேழையைத் தூக்கி வருதலும் சமம். முன்னர்க் கண்ட உயிர்ப்புள்ளிக் கணக்கை இதனோடு வைத்து எண்ணுக. ஒரு வெட்டிற் சாகக்கூடிய வீரர் போரை நாடுவாரா? நாடார். உறங்கும் நாகத்தைச் சுற்றி நழுவுவார், அரக்கரோடு பேரம் பேசுவார், பின்வாசலைத் தேடுவார்.

1989இல் பொன்னுக்குப் புள்ளி வழங்குதல் விருப்ப விதியாயிற்று. மூன்றாம் பதிப்பிற் பகைவரையும் இடையூறுகளையும் வெல்லுதற்கே புள்ளி. ஏறத்தாழ 13 மோதல்களில் ஒரு படி உயருமாறு அது கணக்கிட்டு அமைக்கப்பட்டது. பழைய நூலைப் பயின்றவர் கதவின் முன் நின்று காது கொடுத்துக் கேட்டனர். புதிய நூலைப் பயின்றவர் கதவைத் திறந்தனர். இருவரும் வேறுவேறு இயல்பினர் அல்லர். புள்ளி வழங்கும் இடம் வேறாயிற்று, அவ்வளவே. ஐந்தாம் பதிப்பு, புள்ளியை எண்ணாது கதையின் முக்கிய கட்டங்களை அடையும்போது படி உயர்த்தும் முறையையும் நடுவருக்கு அளித்தது. அவ்வாறு ஆடுமிடத்து, வாளும் பொன்னும் அன்றிக் கதையின் போக்கே உயர்வுக்கு வழியாகின்றது.

வகுப்பறையில் நாம் நாள்தோறும் காண்பதும் இதுவே. இலக்கியத்தை நயந்து படிக்க என்று எத்துணை முறை சொன்னாலும், பரீட்சையில் வரைவிலக்கணத்துக்கே புள்ளி எனின் மாணாக்கர் வரைவிலக்கணத்தையே மனனம் செய்வர். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஒரு விதிநூல் தன் முன்னுரையிற் கூறும் நோக்கத்தை ஒருபுறம் வைத்து, அது புள்ளி வழங்கும் பக்கத்தைப் புரட்டுக. அதன் உண்மையான நோக்கம் அங்கே இருக்கும்.

நான்காம் ஒப்பீடு: பிறப்பும் உயர்வும்

இவ்வாட்டத்தில் மனிதரேயன்றிக் குள்ளர், எல்ஃப் எனப்படும் காட்டினர் முதலாய பிற மரபினரும் உண்டு. 1974ஆம் ஆண்டு விதிப்படி குள்ளர் போர்வீரராக ஆறாம் படிக்கு மேல் உயரலாகாது. எல்ஃப் மரபினர் போர்த்தொழிலில் நான்காம் படியோடும் மந்திரத்தில் எட்டாம் படியோடும் நிற்பர். மனிதருக்கோ எல்லை இல்லை. மனிதரே முதன்மை பெறும் உலகைக் காப்பதற்கு இவ்வெல்லை வேண்டும் என்பது கைகாக்ஸ் கொண்ட காரணம். 1981ஆம் ஆண்டு நூலில் இது மேலும் இறுகியது. அங்கே குள்ளர் என்பதே ஒரு தொழில். குள்ளராய்ப் பிறந்தவர் குள்ளராய் இருப்பதன்றி வேறு தொழில் கொள்ள முடியாது. 1978ஆம் ஆண்டு மேனிலை நூல் மனிதப் பெண்ணின் வலிமைக்கு ஆணினும் தாழ்ந்த உச்சவரம்பு இட்டது.

பெண்ணுக்கிட்ட வரம்பு 1989இல் நீங்கிற்று. மரபினருக்கிட்ட படியெல்லை 2000இல் நீங்கிற்று. எனினும் பிறப்பு தரும் மிகையெண்கள் இருந்தன. குள்ளர்க்கு உடலுரம், காட்டினர்க்கு லாவகம் என வகுக்கப்பட்டது. ஆதலின் குள்ளராய்ப் பிறந்த மந்திரவாதி தடுக்கப்படாவிடினும் பின்தங்கியே தொடங்கினார். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வியல்பு மிகையெண்களைப் பிறப்பினின்றும் எடுத்து, மாந்தர் வளர்ந்த சூழலுக்கும் பயின்ற தொழிலுக்கும் உரியதாக்கியது. மரபைக் குறிக்க வழங்கிய ‘இனம்’ என்னும் சொல்லையும் அகற்றி, உயிரியலார் வழங்கும் வேறு சொல்லை இட்டது.

இம்மாற்றத்தை எதிர்ப்போரும் உளர். மரபுக்கு மரபு வேற்றுமை இல்லையேல் கற்பனையுலகின் சுவை குன்றும் என்பது அவர் வாதம். அது கேட்கத்தக்க வாதமே. கற்பனை மாந்தரைக் கற்பனை மாந்தராகவே கொள்ளல் வேண்டும் என்பதும் உண்மை. ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணாக்கர் மனங்கொள்ளல் வேண்டும். ஒருவர் எவ்வாறு வேறுபடுகின்றார் எனக் கூறும் விதி வேறு. அவர் எதுவரை உயரலாம் எனக் கூறும் விதி வேறு. முன்னையது வருணனை, பின்னையது வேலி. பிறப்பை வைத்து வேலியிடும் வழக்கத்தை நம் சமூகமும் அறியாததன்று. ஆகவே ஓர் ஆட்டத்தின் நூலிலாயினும் அவ்வேலி எங்கே இடப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது எனக் காணும் கண் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

பழைய நூலின் உயிர்

நிற்க. புதிய பதிப்பு வந்தபின் பழையது யாதாகின்றது? சட்டத்திற் பழையது செல்லாது. ஆட்டத்தில் அவ்வாறன்று, பழைய நூலைக் கையிற் கொண்டவர் இன்றும் ஆடலாம். ஆயின் நூல் கிழிந்தால் புதிது வேண்டும். புதிய கதைகளும் வேண்டும். அவற்றை அச்சிடும் உரிமை எவருக்கு?

2000இல் விசர்ட்ஸ் நிறுவனம் மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்து நூலாக்கலாம் எனத் திறந்த உரிமம் ஒன்றை வழங்கியது. அவ்வுரிமத்தைத் துணைகொண்டு, வழக்கொழிந்த பழைய பதிப்புகளைப் புதிய சொற்களால் எழுதி வெளியிட்டோர் உளர். 2006இல் வந்த ‘ஒஸ்ரிக்’ முதல் மேனிலை நூலை அடியொற்றியது. 2019இல் வந்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ 1981ஆம் ஆண்டு நூல்களை அடியொற்றியது. மாற்றுவதற்கென்றே வந்த பதிப்புலகிற் பழையதை மீட்கும் பதிப்பும் இவ்வாறு தோன்றியது வியப்பன்றோ!

2023 ஜனவரியில் அவ்வுரிமத்தை மாற்றும் வரைவு வெளியே கசிந்தது. ஆடுவோரும் சிறு பதிப்பாளரும் பெரிதும் எதிர்த்தனர். அம்மாதம் 27ஆம் நாள் நிறுவனம் தன் முயற்சியைக் கைவிட்டு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை ‘கிரியேற்றிவ் கொமன்ஸ்’ என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அவ்வுரிமம் திரும்பப் பெறத்தக்கதன்று. விதிநூலை எழுதியவர் ஒருவராயினும், ஆண்டுதோறும் ஆடி அதனை வாழ்விப்போர் பலர் என்னும் உண்மை அந்நாளில் வெளிப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். பதிப்புகளுக்கிடையே மிகக் குறைவாக மாறியது எண். மிகுதியாக மாறியவை நான்கு: மாந்தருக்குத் தரும் மதிப்பு, தீர்ப்பவரிடம் வைக்கும் நம்பிக்கை, புள்ளி வழங்கும் இடம், பிறப்புக்கு இடும் வேலி. ஆகவே எவ்வகை விதிநூலின் புதிய பதிப்பு நம் கைக்கு வந்தாலும், அது நல்லதோ தீயதோ எனக் கேட்குமுன் மூன்று வினாக்களைக் கேட்போமாக: இந்நூல் யாரை நம்புகின்றது? எதற்குப் புள்ளி தருகின்றது? யாரைத் தடுக்கின்றது?

கல்லூரிகளின் ஒழுங்குவிதிகளும் பாடத்திட்டங்களும் பரீட்சை முறைகளும் தலைமுறைதோறும் புதிய பதிப்புப் பெறுவனவே. பழைய மாணவர் தம் காலத்து முறையே சிறந்தது என்பர். இன்றைய மாணாக்கர் தம் காலத்ததே சிறந்தது என்பர். இருசாராரும் ஒரே மேசையிலிருந்து இம்மூன்று வினாக்களையும் கேட்பாராயின், பூசலாக முடிவது பாடமாக அமையும்.

மாணாக்கர்க்குப் பயிற்சி

1. சங்கிலிக் கவசத்துக்குப் பதிலாகக் கவசமே அணியாத பகைவரைக் கொண்டு முதலாம் ஒப்பீட்டின் கணக்கைச் செய்க. 1974இல் வேண்டும் எண் 10. 1989இற் கவசமின்மையின் எண் 10. மூன்றாம் பதிப்பு முதலாகக் கவசமின்மையின் எண்ணும் 10. நான்காம் பதிப்பில் வரும் விடை ஏனையவற்றினும் குறைந்து நிற்பதற்குக் காரணம் கூறுக.

2. நீவிர் நன்கறிந்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் விதிகளுள் நடுவரின் மதிக்கு விடப்பட்டவை எவை, எழுத்தாற் கட்டப்பட்டவை எவை எனப் பட்டியலிடுக.

3. உம் பாடநூல் ஒன்றின் முன்னுரையையும் அப்பாடத்தின் சென்ற ஆண்டு வினாத்தாளையும் அருகருகே வைத்துப் படிக்க. முன்னுரை கூறும் நோக்கத்துக்கு வினாத்தாள் எத்துணைப் புள்ளி வழங்குகின்றது எனக் கணக்கிட்டு எழுதுக.